துக்கத்துக்கு வழிவிடுங்கள்

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அதற்கு முன்பே வண்டியைத் தெருவில் இறக்கிவிட வேண்டும் என்று பிரமநாயகம் முந்தைய நாள் முழுக்கப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் சீர்ப் புடவைக்கு ஓரம் அடித்துத் தருவதாகச் சொன்ன பெண் சாவகாசமாக ஏழரைக்கு வந்து நின்றாள். "அவ்வளவுதான், இனி ஒன்பது அடிக்கட்டும்" என்று சுபாஷிணி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிவைத்த பெட்டிகளும் சீர்த் தட்டுகளும் வண்டிக்குள் ஒன்றரை மணி நேரம் தேமே என்று கிடந்தன. நிலாவில் ஆள் குடியேறிவிட்டான் என்பது உண்மைதான். அதற்காக ஏழரை ஒன்பதில் நல்ல காரியத்துக்குக் கிளம்ப முடியுமா?

பெட்ரோல் காலத்தில் ராகு காலம் அவரவர் வீட்டு விவகாரமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. சாலையில் ஓடுவதெல்லாம் மின்சார வண்டி. ஒன்பது மணிக்குச் சென்னையை விட்டு ஒரே நேரத்தில் புறப்பட்ட அத்தனை வண்டிகளுக்கும் திருச்சியைத் தாண்டியதும் ஒரே நேரத்தில் பசி எடுக்கும். முகூர்த்தக் காலம் என்றால் கேட்கவே வேண்டாம். துவரங்குறிச்சி சார்ஜிங் நிலையத்துக்குள் அவர்களுடைய வண்டி நுழைந்தபோது, கொட்டகைக்கு அடியிலும் வேப்ப மரங்களுக்கு அடியிலும் திருவிழாக் கூட்டம்போல வண்டிகள் நின்றன. பட்டுப் புடவைகளும் வேட்டிகளும் டீக்கடை வாசலில் வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தன.

"இது வேகமாகக் கொடுக்கும் பிளக். உங்களுக்கு முன்னால் பதினோரு வண்டிகள் உள்ளன, ஐயா" என்றது வண்டி. அதற்குப் பெண் குரல், பாடப்புத்தகத் தமிழ். "மூன்று மணிக்கு மின்சாரம் பம்புசெட்டுகளுக்குப் போய்விடும். அதன் பிறகு இங்கே மெதுவாகத்தான் ஏறும். நம் முறை வருவதற்கு இருட்டிவிடலாம்."

பிரமநாயகம் மணியை எண்ணிப் பார்த்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சங்கரன்கோவிலில் பெண்ணழைப்பு. தங்கை கோமதியின் ஒரே மகள் ஆதிரை, கோயிலில் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்கு நடந்து வருவாள். தாய்மாமன் பட்டைக் கொடுத்து, மாலை போட்டு, அவள் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். மாமன் கை இல்லாமல் பெண் மண்டபத்துப் படியேறினால், ஊர் வாய் அந்தப் பெண்ணை ஆயுசுக்கும் விடாது. கோமதி நேற்றுக்கூடப் போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "சின்னண்ணே, உன்ன நம்பித்தான் இருக்கேன். நீ வந்திரு."

ஆதிரைக்கு மாமன் இன்னொருவரும் உண்டு. பிரமநாயகத்தின் அண்ணன் ஆவுடையப்பன். முறைப்படி முதல் மாமன் அவர்தான். பெருங்களத்தூரில் இருக்கிறார். ஆவடியில் இருக்கும் தம்பிக்கும் அவருக்கும் பேச்சு நின்று எட்டு வருடம் ஆகிறது.

"முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல குடுத்தா என்னங்க? அதென்ன இந்த வண்டிங்க தங்களுக்குள்ள பேசி முடிவு பண்றது?" என்று கேட்டாள் சுபாஷிணி. அவள் தலையில் மதுராந்தகத்தில் வாங்கிய மல்லிகை இன்னும் வாடவில்லை.

"முதல்ல வந்தவன் சினிமாவுக்குப் போறான், பின்னால வந்தவ பிரசவத்துக்குப் போறான்னு வச்சுக்கோ. யாருக்கு முதல்ல குடுக்கணும்? அதத்தான் வண்டிங்க பேசிக்கும். நீ எதுக்குப் போறன்னு நம்மளக் கேக்கும். நாம சொல்றத மத்த வண்டிங்க கிட்ட சொல்லும். அதுக்குத்தான் தேவை வரிசைன்னு பேரு."

"கல்யாணத்துக்குப் போறோம்னு சொல்லுங்க."

"கல்யாணம் அதுல கிடையாது. தேதி குறிச்சு வர்றதுக்கு முன்னுரிமை எதுக்கு? முன்கூட்டியே கிளம்ப வேண்டியதுதான?"

"எந்தப் புத்திசாலி சொன்னது இத?"

சொன்ன புத்திசாலி பிரமநாயகம்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வரிசைக்கு விதிகள் வகுத்த குழுவில் அவரும் ஓர் அதிகாரி. நோய், பிரசவம், சாவு. இந்த மூன்றுக்கு மட்டும் மற்றவர்கள் வழிவிட வேண்டும் என்று முடிவானது. முதல் இரண்டுக்கும் மருத்துவமனையிலிருந்து தகவல் வர வேண்டும். மூன்றாவதற்கு அத்தாட்சி எதுவும் வேண்டாம் என்று மேஜையைத் தட்டி வாதாடியவர் பிரமநாயகம். "எழவு வீட்டுக்குப் போறவன் கிட்ட சர்ட்டிபிகேட் கேப்பீங்களா? யார் செத்தது, என்ன உறவு, எந்த ஊர், இது போதும். நம்ம ஊர்ல உயிரோட இருக்கிறவன் பேரச் சாவுக்குச் சொல்ற அளவுக்கு எவனுக்கும் நாக்கு வராது" என்றார். குழுவில் இருந்த மற்றவர்கள் அவர் குரல் உடைவதைப் பார்த்துவிட்டு, சரி என்று எழுதிக்கொண்டார்கள்.

அவர் குரல் உடைந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பா ஒரு சித்திரை மாதத்தில் போனார். பிரமநாயகம் அப்போது ஒடிசாவில் வேலையில் இருந்தார். "ஒரு ராத்திரி வைங்கண்ணே, காலையில வந்திருவேன்" என்று கெஞ்சினார். மதுரை வரை வந்தவர் சார்ஜ் ஏற்ற வரிசையில் காத்துக் கிடந்தார். இவர் வீட்டு வாசலை மிதித்தபோது ஆவுடையப்பன் மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லை, ஐஸ் பெட்டி நின்றுவிட்டது, உடம்பு தாங்கவில்லை என்று ஏதேதோ சொன்னார். எதுவும் தம்பியின் காதில் ஏறவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் ஏறியது. அத்தனை சொந்தபந்தத்துக்கு முன்னால், "அப்பாவுக்குச் சேத்து உனக்கும் இன்னைக்கே தலை முழுகுதேன்" என்று கிணற்றடிக்குப் போய் இன்னொரு முறை நீரை ஊற்றிக்கொண்டு வந்தார். அன்றோடு அண்ணன் போயாயிற்று.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அந்த விதியைப் போட்டார். இனி எவனும் வரிசையில் நின்று முகம் பார்க்காமல் போகக் கூடாது என்று. நல்ல எண்ணம்தான், சந்தேகமில்லை. நல்ல எண்ணத்தில் போட்ட பூட்டுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்பதும் போட்டவனுக்குத்தானே தெரியும்!

கோமதி மறுபடி அழைத்தாள். "எங்க வந்திருக்கீக? பூக்காரன் மாலையக் கொண்டாந்துட்டான்."

"வந்துட்டே இருக்கேன்மா" என்று வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "துக்கம்" என்றார்.

"என் அனுதாபங்கள், ஐயா. இறந்தவர் யார்?" என்றது வண்டி.

சுபாஷிணி அவர் முழங்கையைப் பிடித்தாள். "ஐயோ, என்ன காரியம் பண்றீங்க? கல்யாணத்துக்குப் போற வாயி."

"சும்மா இரு. ஒரு பேரு. அவ்வளவுதான்."

"யார் பேர? செத்துப்போன யார் பேரையாவது சொல்லுங்க."

"அது ஏத்துக்காது. அவங்க செத்தது ஏற்கெனவே பதிவுல இருக்கும்."

அவள் கை நழுவியது. பிரமநாயகம் திரையைப் பார்த்துச் சொன்னார். "ஆவுடையப்பன். அண்ணன். சங்கரன்கோவில்."

வண்டி வாங்கிக்கொண்டது. கொட்டகையில் நின்ற வண்டிகளின் திரைகளில் அந்தப் பெயர் போயிருக்கும்: துக்கத்துக்கு வழிவிடுங்கள், ஒருவர் தன் அண்ணன் முகத்தைப் பார்க்கப் போகிறார். பெயரையும் ஊரையும் காட்ட வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். முகவரி இல்லாத சாவுக்கு எவன் வழிவிடுவான்? கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். சம்மதம், மறுக்கிறேன். பொய் என்று தெரிந்த யாராவது மறுத்துவிட்டால், கேட்டவனுடைய வண்டிக்கு எந்த நிலையத்திலும் சார்ஜ் கிடையாது. விசாரணை முடியும் வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஆனால் இந்த அத்துவானத்தில் ஆவுடையப்பனை யாருக்குத் தெரியும்?

"எட்டு வண்டிகள் சம்மதம்" என்றது வண்டி. "பத்து வண்டிகள். பிளக்குக்கு அடுத்ததாக இருந்த வண்டியிலிருந்து மட்டும் இன்னும் பதில் இல்லை."

அந்த அடுத்த வண்டியைப் பற்றிப் பிரமநாயகத்துக்குத் தெரியும். யார் என்று தெரியாது, கணக்குத் தெரியும். மூன்று மணிக்குள் இன்னும் ஒரு வண்டிக்குத்தான் நேரம் இருந்தது. இவர் உள்ளே போனால் அந்த ஒருவர் வெளியே. மற்ற பத்துப் பேருக்கு எப்படியும் தாமதம்தான், அதில் இவர் பங்கு சொற்பம். ஆக, இந்தப் பொய்யின் முழு பாரமும் ஒரே ஒரு ஆள் தலையில் விழுகிறது. "யாரோ ஒருத்தர். ரெண்டு மூணு மணி நேரம். அதுல என்ன குடி முழுகிடப் போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து வண்டி சொன்னது. "அனைவரும் சம்மதம். வாருங்கள், ஐயா."

வண்டி கொட்டகைக்கு நடுவே மெல்ல ஊர்ந்தது. அவர் எதிர்பாராதது ஒன்று நடந்தது. டீக்கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு லாரிக்காரர் தோள் துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார். குழந்தைக்குப் பாட்டுப் போட்டிருந்த ஒரு வண்டியில் பாட்டு நின்றது. இவர் குழுவில் உட்கார்ந்து வாதாடியபோது மனக்கண்ணில் பார்த்ததெல்லாம் இதைத்தான். அப்படியே அச்சு அசலாக நடந்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

பிளக்கை மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார். "குடிங்க தம்பி. அண்ணனுக்கு என்ன வயசு?"

"அறுபது ஆகல."

"அடடா. சாகுற வயசா? என்ன செஞ்சுது?"

"நெஞ்சு... திடீர்னு."

"புள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. படிக்குது" என்றார் பிரமநாயகம். சொன்ன பிறகுதான் உறைத்தது. அண்ணன் மகள் படித்துக்கொண்டிருந்தது எட்டு வருடத்துக்கு முன்னால். இப்போது அவள் வேலைக்குப் போகிறாளா, கல்யாணம் ஆகிவிட்டதா, எந்த ஊரில் இருக்கிறாள் என்று ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆளைச் சாகடித்தவருக்கு ஆளைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் வண்டிக் கதவைத் திறந்து சுபாஷிணியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அவள் தலையைப் பார்த்தாள். பார்த்ததும் நாசூக்காகக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். புருஷனின் அண்ணன் செத்த வீட்டுக்குப் போகிறவள் தலையில் மூன்று முழம் மல்லிகை! சுபாஷிணியின் முகம் வெளிறிவிட்டது. மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். ஊசியை உருவினாள். பூவைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் போட்டாள். பின் இருக்கையில் சீர்த் தட்டுகளில் குங்குமமும் மஞ்சளும் பட்டும் பளிச்சென்று தெரிந்தன. அவற்றின் மேல் ஒரு துண்டை இழுத்து மூடினாள். "தைரியமா இருங்கம்மா" என்று அந்தப் பெண் சொன்னபோது சுபாஷிணி நிஜமாகவே அழுதாள். எதற்கென்று பிரமநாயகத்துக்கு மட்டும் தெரிந்தது.

சார்ஜ் ஏறியதும் சாலைக்கு வந்தார்கள். மேலூரைத் தாண்டிய பிறகு, "சுமங்கலி தலையில இருந்து பூவ எடுக்க வச்சிட்டீங்க" என்றாள்.

"வேற வழி இல்லடி. ஆதிரை தனியா நடந்து வரணுமா?"

"அந்த அடுத்த வண்டிக்காரங்க எங்க போறாங்களோ. அவங்க ஆஸ்பத்திரிக்குக்கூடப் போயிட்டு இருக்கலாம். சொல்ல மனசில்லாம இருந்திருக்கலாம்."

"அப்படியெல்லாம் இருக்காது."

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மதுரைக்கு வெளியே வறண்ட கண்மாய்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எந்த நேரத்தில் எது வாயில் வருகிறதோ அது பலிக்கும் என்று அவருடைய அம்மா சொல்லுவாள். அவர் பொறியியல் படித்தவர், அதிகாரி, இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. இருந்தாலும் திருமங்கலம் தாண்டியதும், "மதினி நம்பர் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

சுபாஷிணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த உறவுமுறை வந்ததே இல்லை. ஒன்றும் சொல்லாமல் எண்ணைத் தேடி அழுத்தினாள். நீண்ட நேரம் அடித்த பிறகு ஆவுடையப்பனின் மனைவி எடுத்தாள்.

"அக்கா, சுபா பேசுறேன். சும்மாதான் கூப்பிட்டேன். அத்தான் நல்லா இருக்காங்களா?"

எதிர்முனையில் ஒரு திகைப்பு. "நல்லாத்தான் இருக்காக. காலையில வெளியே கிளம்பிப் போனாக. ஏன் சுபா, திடீர்னு கேக்க?"

"ஒண்ணுமில்லக்கா. தோணுச்சு."

"எனக்கு மூட்டு வலி, நான் எங்கயும் போகல" என்றாள் மதினி. இன்னும் ஏதோ சொல்ல வந்தவள்போல நிறுத்திவிட்டு, "சரி, பாத்துப் போங்க" என்று வைத்துவிட்டாள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்றதும் பிரமநாயகத்துக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு கொஞ்சம் தெம்பும் வந்தது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்கிற மாதிரி மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

சங்கரன்கோவிலுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கோபுர விளக்குகள் அப்போதுதான் எரிந்தன. நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். கோமதி ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மானத்தக் காப்பாத்திட்டண்ணே" என்றாள். ஆதிரை காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிரமநாயகம் பட்டைக் கொடுத்தார். மாலையைப் போட்டார். அண்ணன் செத்தவனுக்குத் தீட்டு, நல்ல காரியத்தில் கை வைக்கக் கூடாது. அவருடைய சொந்த வாக்குமூலத்தின்படி அவர் தீட்டுக்காரர். அந்தக் கையால் பெண்ணின் கையைப் பிடித்தபோது கை வியர்த்துக் கொட்டியது. "என்ன மாமா, உங்களுக்குத்தான் கல்யாணம் மாதிரி வேர்க்குது" என்று ஆதிரை சிரித்தாள்.

தேரடி தாண்டும்போது கோமதி அவர் பக்கத்தில் வந்து நடந்தாள். மேளச் சத்தத்தில் காதருகே குனிந்தாள். "இப்பம் சொன்னா என்ன, சொல்லிருதேன். பெரியண்ணனும் வாரேன்னு சொல்லியிருந்தாகண்ணே. நான் கால்ல விழாத கொறையா கேட்டேன். உனக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாக. ஆளுக்கு ஒரு கையா ரெண்டு மாமனும் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா, தன்னால பேச்சு வந்திரும்னாக. ஒம்பது மணிக்கு ராகு காலம் முடிஞ்சதும் கிளம்பினாக. இன்னும் ஆளக் காணும். போனையும் எடுக்க மாட்டேங்காக."

பிரமநாயகத்துக்குக் காதில் மேளம் அடைத்துப்போனது. கால் தானாக நடந்தது. ஒன்பது மணிக்குக் கிளம்பியவர். ஒரே சாலை. ஒரே கொட்டகை. இல்லை, அது வேறு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. காலையில் நன்றாகக் கிளம்பிப் போனவர், போனை எடுக்காதவர். மதியம் தன் நாக்கு சொன்ன சொல்லுக்கு அந்த நாற்கரச் சாலையில் ஏதாவது லாரி ஆமென்று சொல்லியிருக்குமோ? அவர் பொறியியல், பதவி எல்லாம் தேரடித் தெருவிலேயே உதிர்ந்துவிட்டன. சங்கரலிங்கமே, கோமதி அம்மனே, அண்ணன் வந்துவிட வேண்டும், என்னை எது வேண்டுமானாலும் செய்துகொள் என்று மண்டபம் வரை வேண்டிக்கொண்டே போனார்.

பந்தி ஆரம்பித்தது. இலையில் உட்கார வைத்தார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே வாசலைப் பார்த்தார். வாசலில் ஏதோ சலசலப்பு கேட்டது. "பெரியண்ணே!" என்று கோமதி ஓடினாள்.

ஆவுடையப்பன் வந்துகொண்டிருந்தார். கசங்கிய பட்டு வேட்டி, கையில் ஒரு மாலைப் பை. பிரமநாயகம் அவர் வேட்டிக் கரையை மட்டும் பார்த்தார். உயிர் இருக்கிறது. கண்ணில் நீர் முட்டியது. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"ஏன்ணே இவ்வளவு நேரம்? நல்ல நேரம் எல்லாம் போயிட்டு" என்று கோமதி அழுதாள்.

"வழியில ஒரு துக்கம்மா. வழிவிட வேண்டியதாப் போச்சு. பொறவு கரண்ட் இல்ல, எறும்பு ஊருற மாதிரி ஏறுது" என்றார் ஆவுடையப்பன்.

"யாருக்காம்?" என்று பந்தியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"தெரிஞ்ச ஆளுதான். நீ சாப்பாட்டப் பாரு."

பிரமநாயகத்தின் கை சாம்பார் சோற்றிலேயே நின்றுவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின கையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் குழாயில் ஒருவர் வந்து நின்றார். பார்க்காமலே தெரிந்தது.

"தண்ணிய அடைடே. வீணாப் போகுது" என்றார் ஆவுடையப்பன்.

அடைத்தார். "அண்ணே..."

"பிளக்குக்கு அடுத்தாப்புல நான்தான் நின்னேன். கண்ண மூடிப் படுத்திருந்தேன். வண்டி எழுப்பிச்சு. துக்கத்துக்கு வழிவிடுங்கன்னுச்சு. யாருன்னு பாத்தா நான். உறவு என்னன்னு பாத்தா அண்ணன். மொதல்ல எனக்கே பயமாப் போச்சு, ஒரு வேளை செத்துத்தான் போயிட்டமோன்னு. கையக் கிள்ளிப் பாத்தேன்."

அவர் சிரிக்க முயன்றது குரலில் தெரிந்தது. பிரமநாயகம் தொட்டியில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மறுக்கிறேன்னு அமுத்தியிருக்கலாம்லண்ணே. பொய்யின்னு சொல்லியிருக்கலாம்ல."

"அமுத்தினா உன் வண்டிய அங்கனயே பூட்டிப் போட்டிருப்பான். ரெண்டு மாமனும் துவரங்குறிச்சியில கெடந்தா அந்தப் புள்ள யார் கையப் பிடிச்சு வரும்? ஒருத்தனாவது போய்ச் சேரட்டும்னு விட்டேன்."

"நான் பண்ணினது மன்னிக்கிற காரியம் இல்லண்ணே."

"அதக் கேக்கல. வேற ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு." ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "என் பேரச் சொல்லும்போது கஷ்டமா இருந்துச்சாடே?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசைதான். இன்னொரு பொய், அவ்வளவுதானே. மதியம் ஒரு பொய் சொன்ன வாய்க்கு இது என்ன பாரம்? ஆனால் அந்தப் பெயர் எவ்வளவு சுளுவாக நாக்கில் வந்து உட்கார்ந்தது என்பது அவருக்கு நினைவிருந்தது. வேறு யார் பெயரையாவது யோசித்துத் தள்ளிவிட்டுக்கூட அவர் இதற்கு வரவில்லை.

"இல்லண்ணே" என்றார்.

ஆவுடையப்பன் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினார். பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள்.

"எனக்கும் சரின்னு அமுத்தக் கஷ்டமா இல்லடே" என்றார் பிறகு. "யோசிச்சது எல்லாம் புள்ளையப் பத்தித்தான். உன்னப் பத்தி இல்ல. நீ என்னக் கொன்னுட்டியேன்னு ஒரு கோவம் வரணும்ல? வரல. செத்தவனுக்கு எங்கன கோவம் வரும். அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. சார்ஜ் நெறஞ்ச பொறவும் கிளம்ப மனசில்லாம அங்கனயே உக்காந்திருந்தேன்."

பிரமநாயகத்தின் சட்டைப் பையில் போன் முனகியது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடி போடவில்லை, எழுத்து கலங்கியது. அது கண்ணாடி இல்லாததால் மட்டுமில்லை. ஆவுடையப்பன் அவர் கையிலிருந்து போனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டுகிறவர்போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"துக்க வழியில் வந்தவருக்கு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்களா? உங்கள் அண்ணனின் முகத்தைப் பார்க்க முடிந்ததா? ஆம், இல்லை." வாசித்து முடித்து, "இது யார்டே எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே. அப்பாவ நெனச்சு எழுதினேன்."

ஆவுடையப்பன் போனை நீட்டினார். பிரமநாயகம் குனிந்த தலை நிமிராமலே வாங்கிக்கொண்டார். விரல் திரைக்கு மேலே நின்றது.

"என்னத்தக் குனிஞ்சிட்டே அமுத்தப் போற?" என்றார் ஆவுடையப்பன். "மொதல்ல நிமிந்து பாரு. பொறவு அமுத்து."